பொங்கலூர் வட்டாரத்தில் வீட்டுப்பாட மறுப்பு: தொழிலுறவு நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுக் களமும் ஆய்வாளர் தகுதியும்

கோவை–திருச்சி சாலையில் பல்லடம் தாண்டி அவிநாசிபாளையம் போகும் வழியில் இருக்கிறது பொங்கலூர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். 2006 தேர்தல் வரை சட்டமன்றத் தொகுதியாகவும் இருந்தது. 2008 மறுவரையறையில் அந்தத் தகுதி போயிற்று. ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொகுதி இருந்தால் என்ன, போனால் என்ன, காலையில் வேன் வந்ததா என்பதுதான் இங்கே கேள்வி. பனியன் கம்பெனி வேனும் பள்ளிக்கூட வேனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகின்றன. ஒன்றில் தாய் ஏறுகிறாள், மற்றொன்றில் பிள்ளை ஏறுகிறது. இரண்டு பேர் கையிலும் டிபன் பை. இரண்டு பேருக்கும் போக இஷ்டமில்லை. வித்தியாசம், பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்கிறது.

சுற்றிலும் தறிகுடோன், கோழிப்பண்ணை, சின்ன வெங்காயம், தக்காளி, முறை வைத்து வரும் பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் தண்ணீர். வேலை எதுவானாலும் பொழுதோட முடிவது என்ற ஒன்று இங்கே கிடையாது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வின் கனம் முழுவதும் அந்தப் பொழுதின்மேல்தான் நிற்கிறது.

இவ்வாய்வாளர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதிவு செய்துகொண்டவர் அல்லர். பனியன் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். டெய்லர்களிடம் ‘இன்னொரு அரை ஷிப்ட் மட்டும் பாருங்க’ என்று கேட்டு வாங்குவதில் நீண்ட அனுபவம் உண்டு. கேட்டும் கிடைக்காமல் திரும்புவதில் அதைவிட நீண்ட அனுபவம். வீட்டுப்பாட மறுப்பை ஆராய இதைவிடப் பொருத்தமான தகுதி இருக்க முடியாது. கல்வியியலாரும் உளவியலாரும் இதுவரை குழந்தையின் மனத்துக்குள் காரணத்தைத் தேடியிருக்கிறார்கள். தேடியிருக்க வேண்டிய இடம் மஸ்டர் ரோல்.

ஆய்வுக்கு உட்பட்டவர் மூன்றாம் வகுப்பு மாணவர், வயது எட்டு. ஆய்வு நெறி கருதி அவர் பெயர் மறைக்கப்பட்டு, இனி ‘அன்னார்’ என்றே குறிக்கப்படுவார். அன்னாரின் தாயார் பவர் டேபிள் டெய்லர், தந்தை இவ்வாய்வாளர். அன்னாருக்கு ஒரு தங்கை உண்டு. நாலு வயது, அங்கன்வாடி. தற்போதைக்கு அவர் பார்வையாளர் மட்டுமே.

கருதுகோள்

திருப்பூரில் காலை எட்டரைக்கு உள்ளே போய் மாலை ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். கப்பல் தேதி நெருங்கிவிட்டால் நள்ளிரவு தாண்டியும் ஓடும். ஆள் தேவை என்று ஒட்டும் அட்டையில் ‘ஒன்றரை ஷிப்ட் உண்டு’ என்பதை ஒரு சலுகையாகவே எழுதுவார்கள். படிக்கிறவர்களும் சலுகையாகவே படிப்பார்கள்.

அன்னாரின் நாள் இப்படி: காலை ஏழேமுக்காலுக்கு வேன். மாலை ஐந்துக்கு வீடு. இது ஒரு ஷிப்ட். அதற்குமேல் தமிழ் இரண்டு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம், கணக்கில் பத்து, ஏழாம் வாய்ப்பாடு. இது அரை ஷிப்ட். ஆக ஒன்றரை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 14 வயது நிரம்பாதவரை ஆலைக்குள் வேலைக்கே விடக்கூடாது என்றது. 14 நிரம்பி 15 நிரம்பாத பிள்ளைக்கு நாளொன்றுக்கு நாலரை மணி நேரத்துக்குமேல் வேலை கூடாது என்றது. பெரியவர்களுக்கு நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48. அதைத் தாண்டினால் இரட்டைச் சம்பளம் என்றது. பள்ளிக்கூடம் ஆலை ஆகாது என்று யாராவது வாதிடலாம். உண்மைதான். ஆலையில் டீ கொடுப்பார்கள்.

2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியதும் மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே நாளன்று திரும்பப் பெற்றுக்கொண்டதாக முதல்வர் அறிவித்தார். பத்து நாளில் முடிந்த காரியம். அன்னார் ஒன்றாம் வகுப்பிலிருந்து அதே கோரிக்கையை முன்வைத்து வருகிறார். இன்னும் அறிவிப்பு வரவில்லை.

ஆகவே இவ்வாய்வின் கருதுகோள்: பிள்ளை சோம்பேறி இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை; ஓவர்டைம் பார்க்க மறுக்கிறது. வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் மறுக்கும் பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டதால், மறுக்கும் ஒருவரைப் பார்க்கும்போது அது நமக்கு அடமாகத் தெரிகிறது.

முன்னோர் ஆய்வுகள்

வீட்டுப்பாடத்தைக் கண்டுபிடித்தவர் வெனிஸ் நகரத்து ரொபெர்ட்டோ நெவிலிஸ் என்றும், ஆண்டு 1905 என்றும், சில இடங்களில் 1095 என்றும் இணையத்தில் காணக் கிடைக்கிறது. அப்படி ஒரு மனிதர் இருந்ததற்கு ஆதாரமே கிடையாது. 1901லேயே கலிபோர்னியாவில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இன்னும் பிறக்காத ஒன்றுக்கு யாரும் தடை போட மாட்டார்கள். (1917இல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள் என்பது வேறு சோகம்.) இவ்வளவு தெரிந்தும் நெவிலிஸை ஒழிக்க முடியவில்லை. திட்டுவதற்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது.

பிரான்சில் 1956லேயே தொடக்கப் பள்ளிக்கு எழுத்து வீட்டுப்பாடம் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. சீனா 2021இல் முதல் இரண்டு வகுப்புக்கு எழுத்துப்பாடமே இல்லை, மூன்று முதல் ஆறு வரை 60 நிமிடத்துக்குமேல் இல்லை என்றது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஹாரிஸ் கூப்பர், 1987 முதல் 2003 வரை வந்த ஆய்வுகளை வாரிக்கட்டி 2006இல் ஒரு முடிவு சொன்னார்: வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு ஏழாம் வகுப்பு முதல் தெரிகிறது, அதற்குக் கீழே மங்கலாக இருக்கிறது. வகுப்புக்குப் பத்து நிமிடம் என்பது அவர் ஆதரிக்கும் அளவு. மூன்றாம் வகுப்பென்றால் 30 நிமிடம். இந்த 30 நிமிடத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்திருப்போம், பின்னால் தேவைப்படும்.

ஆனால் இந்தத் துறையின் மூத்த அறிஞர் நம்மவர். சென்னை புரசைவாக்கத்தில் பிறந்த ஆர்.கே. நாராயண், 1935இல் வந்த தம் முதல் நாவலில் சுவாமி என்ற சிறுவனைக் கணக்குப் போட உட்கார்த்திவைத்தார். கொடுத்தவர் அப்பா. மாம்பழக் கணக்கு. சுவாமிக்கு விடை வரவில்லை. பழம் பழுத்ததா என்று தெரியாமல் விலை எப்படிச் சொல்வது என்ற நியாயமான ஐயம் வந்தது. அந்த ஐயத்தைத் தீர்க்காமலே அரை நூற்றாண்டு ஓடியது. பிறகு மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட நாராயண், 1989இல் தம் கன்னிப்பேச்சில் நாட்டின் பெரிய பிரச்சினைகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புத்தகப்பையைப் பற்றியும் பிள்ளைகளின் கூன் விழும் முதுகைப் பற்றியும் பேசினார். அதன் தொடர்ச்சியாக யஷ்பால் தலைமையில் குழு அமைந்து, 1993இல் அறிக்கை வந்தது. தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடம் வேண்டாம், வீட்டுச் சூழலைக் கூர்ந்து பார்க்கச் சொல்வதைத் தவிர என்றது அறிக்கை. எழுத்தாளர் ஒருவர் தம் கதாபாத்திரத்துக்காக நாடாளுமன்றம் வரை போய் வாதாடியது தமிழ்நாட்டுக்காரர்கள் இன்னும் கொஞ்சம் பீற்றிக்கொள்ள வேண்டிய விஷயம்.

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று உத்தரவிட்டார். அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் அதையே சொல்லி, பையின் எடை இரண்டாம் வகுப்புவரை ஒன்றரைக் கிலோ, ஐந்தாம் வகுப்புவரை இரண்டு முதல் மூன்று கிலோ என்று நிர்ணயித்தது. 2020 பள்ளிப்பை கொள்கை இன்னும் துல்லியம்: மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வாரத்துக்கே அதிகபட்சம் இரண்டு மணி நேரம்தான்.

வாரத்துக்கு. அன்னாருக்கு இந்த வாரத்தின் இரண்டு மணி நேரம் திங்கட்கிழமை இரவே தீர்ந்துபோனது. நல்லவேளையாக இந்த ஆவணங்கள் எதுவும் இரட்டைக்கோடு நோட்டில் வருவதில்லை, அன்னார் படித்ததில்லை.

மறுப்பின் வடிவங்கள்

திருப்பூர்ப் பிள்ளைக்குப் போராட்டம் என்பது பாடப்புத்தகச் சொல் அல்ல. 1984இல் பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. 2022லும் 2025லும் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. தறிச்சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று அப்பத்தாமார் புலம்பினார்கள். இதையெல்லாம் கேட்டு வளரும் பிள்ளை, எடுத்த எடுப்பில் ‘எழுத மாட்டேன்’ என்று சொல்லாது. அது கத்துக்குட்டிகள் செய்வது. முதலில் வருவது மெதுவாக வேலை பார்த்தல்.

உட்கார்ந்ததும் பென்சில் முனை மழுங்கியிருப்பது கண்டறியப்படும். ஷார்ப்னர் பையில் இல்லை, தங்கையிடம் இருக்கிறது. அதை மீட்க ஒரு சண்டை, சண்டைக்கு அப்பத்தா முன்னிலையில் ஒரு விசாரணை, விசாரணைக்கு ஒரு தீர்ப்பு. பிறகு சீவுதல். சுருள் அறுபடாமல் வர வேண்டும். அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஊசிமுனை வரும். முதல் எழுத்தின் முதல் அழுத்தத்தில் ‘டப்’. ஒரு பென்சில் எழுதித் தேய்வதைவிடச் சீவித் தேய்வதே அதிகம் என்பதை எங்கள் வீட்டுக் குப்பைக்கூடை நிரூபிக்கும்.

பழைய எண்சுவடியில் ஒன்றை 320 கூறாக்கி, ஒரு கூற்றுக்கு முந்திரி என்று பெயர் வைத்தார்கள். இவ்வளவு சிறிய அளவு எதற்கு என்றால் நிலம், நெல், பொன் என்று அறிஞர்கள் காரணம் சொல்வார்கள். வீட்டுப்பாடத்தின் முன்னேற்றத்தை அளக்கத்தான் என்பது இவ்வாய்வின் துணிபு. ‘எவ்வளவு கண்ணு முடிஞ்சுது?’ என்றால் ‘கொஞ்சமுங்கப்பா’ என்று வரும் பதிலின் சரியான மதிப்பு ஒரு முந்திரி. கூப்பர் சொன்ன 30 நிமிடத்தை 320ஆல் வகுத்தால் ஒரு முந்திரிக்கு ஐந்தரை விநாடிக்குச் சற்று மேல் வருகிறது. களத்தில் ஒரு முந்திரி பாடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் செலவாகிறது. அந்தத் தண்ணீருக்குப் பிற்பாடு ஒரு பயணமும் உண்டு.

இரண்டாவது, விதிப்படி வேலை. ‘இந்த வாக்கியத்தை ஐந்து தடவை எழுதி வரவும்’ என்று டைரியில் இருக்கிறது. அன்னார் வாக்கியத்தை எழுதுவதில்லை. முதல் சொல்லை மேலிருந்து கீழாக ஐந்து தடவை எழுதுகிறார். பிறகு அதன் பக்கத்தில் இரண்டாவது சொல்லை ஐந்து தடவை. பிறகு மூன்றாவது. கடைசியில் ஐந்து முற்றுப்புள்ளி, மழை பெய்வதுபோல் டக்டக்கென்று. இதை முதன்முதலில் பார்த்தபோது இவ்வாய்வாளர் தொழில்முறையில் நெகிழ்ந்துபோனார். ஏனென்றால் இதற்குப் பெயர் லைன் சிஸ்டம். கம்பெனியில் ஒரு டெய்லர் முழு டீ-சர்ட் தைப்பதில்லை. ஒருவர் தோள் மூட்டுவார், ஒருவர் கழுத்து வைப்பார், ஒருவர் கை ஏற்றுவார், ஒருவர் அடி மடிப்பார். உற்பத்தி எகிறும். நாள் முழுக்கக் கழுத்து வைத்தவருக்கு அந்தச் சட்டையின் நெஞ்சில் என்ன அச்சடித்திருந்தது என்று தெரியாது. அன்னாரிடமும் கேட்டுப் பார்த்தோம்.

‘என்ன எழுதியிருக்குது, படி.’

‘அஞ்சு தடவை எழுதியிருக்குதுங்கப்பா.’

யாரும் சொல்லிக்கொடுக்காமல், தொழிற்பொறியியல் படிக்காமல், எட்டு வயதில் பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால் ‘ஐந்து தடவை எழுதி வா’ என்பதே உற்பத்தி இலக்குதான், படிப்பு அல்ல என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். பெற்றோருக்கும் பள்ளிக்கும் புரிய இன்னும் கொஞ்ச காலம் ஆகலாம்.

விளக்கம் கேட்டல் என்னும் மூன்றாம் வடிவம் சுவாமியின் மரபில் வருவது. ‘ராமுவிடம் 24 கோழிகள் இருந்தன, 9 விற்றான்’ என்று கணக்கு. பல்லடம் பக்கத்துப் பிள்ளையிடம் இப்படிக் கணக்குக் கொடுப்பது ஆபத்து. ‘இருபத்தி நாலு கோழிக்கு எதுக்குங்கப்பா பண்ண வச்சாங்க?’ என்று ஆரம்பித்து, தீவன விலை, குஞ்சு கொடுக்கும் கம்பெனி, வளர்ப்புக் கூலி என்று பேச்சு போகும். அப்பாரு (தாத்தா) வந்து சேர்ந்துகொள்வார். ஒரு மணி நேரம் கழித்துப் பண்ணைத் தொழிலின் பொருளாதாரம் மூவருக்கும் தெளிவாகியிருக்கும். நோட்டில் ராமு என்ற பெயர் மட்டும் இருக்கும். யஷ்பால் இருந்திருந்தால் இதைத்தான் வீட்டுப்பாடம் என்றிருப்பார். மிஸ் அப்படிச் சொல்ல மாட்டார்.

‘வெடியால எழுதிக்கறேன்’ என்பது ஏர் ஷிப்மெண்ட். கப்பலில் போக வேண்டிய சரக்கு தேதி தவறினால் விமானத்தில் அனுப்புவார்கள். சரக்குப் போய்ச் சேரும், லாபம் போய்விடும். அதேபோல் காலை ஏழேகாலுக்கு, ஒரு கையில் இட்லி, மறுகையில் பென்சில், முதுகுக்குப் பின்னால் தலைசீவும் அம்மா, வாசலில் ஹாரன் அடிக்கும் வேன் என்று நாலு முனையில் நடக்கும் எழுத்து அது. மிச்சம் வேனுக்குள் முடியும். பொங்கலூரிலிருந்து போகும் ஒவ்வொரு வேகத்தடையும் அந்தப் பக்கத்தில் பதிவாகியிருக்கும்.

பிறகு ஜாப் ஒர்க். பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்பு அக்காவுக்கு வரைபடம் வரையும் வேலை போகும். கூலி, ஒரு எலந்தவடை பாக்கெட். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளியின் பழைய ஏற்பாடு. சட்டாம்பிள்ளை அதற்குத்தான் இருந்தார். சென்னையில் அதைக் கண்ட ஆண்ட்ரூ பெல் 1797இல் புத்தகம் போட்டார்; ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அன்னார் செய்தால் அதற்குப் பெயர் ஏமாற்று.

மின்தடை பற்றி ஒரு வார்த்தை. 2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் கொங்குப் பகுதியில் கரண்ட் போன போக்கில், அன்றைய பிள்ளைகளுக்குப் போராடவே தேவையிருக்கவில்லை. இப்போது மாதாந்திரப் பராமரிப்புக்கென்று காலை ஒன்பது முதல் மாலை வரை நிறுத்துகிறார்கள். பிள்ளை வீட்டில் இல்லாத நேரம் பார்த்து. அன்னாருக்கு மின்வாரியத்தின்மேல் இது பற்றிக் கடுமையான விமர்சனம் உண்டு.

முழு வேலைநிறுத்தம் அரிது. அது நடக்கும் நாளில் அன்னார் தோட்டத்து வெங்காயப் பட்டறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். கண்ணீரோடு திரும்பி வருவார். எதிர்ப்பினால் வந்த கண்ணீரா, வெங்காயத்தினால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல நிர்வாகத்தால் முடியாது. சந்தேகத்தின் பலன் அன்னாருக்கே போகும்.

நிர்வாகத் தரப்பு

இங்கேதான் ஆய்வு கொஞ்சம் தடுமாறியது. தொழில் தகராறு என்றால் எதிர்த்தரப்பு ஒன்று வேண்டும். மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் நிர்வாகம் யார்?

தாயார் ஒன்றரை ஷிப்ட். வேன் இறக்கிவிடும்போது எட்டேமுக்கால், ஒன்பது. இவ்வாய்வாளர் அந்த ஒன்றரை ஷிப்டை அவரைப் போன்றவர்களிடம் கேட்டு வாங்கும் வேலையில் இருப்பதால் அவருக்கும் பின்னால் வருவார். அப்பாருக்கு வாய்க்கால் முறைத் தண்ணீர் எப்போது வருகிறதோ அப்போது வேலை. அப்பத்தாவுக்குப் பால் கறவை. ஆக வீட்டுப்பாடம் என்ற ஏற்பாடு யாரை நம்பி அனுப்பப்படுகிறதோ, அந்த ஆள், அதாவது மாலை ஐந்து மணிக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்து, பிள்ளைக்குப் பால் ஆற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரும் அந்த அம்மா, பாடப்புத்தகப் படத்தில்தான் இருக்கிறார். பொங்கலூரில் அவர் ஓவர்லாக்கில் இருக்கிறார்.

டைரியைப் புரட்டினால் இது இன்னும் தெளிவு. ‘பெற்றோர் கையொப்பம்’, ‘பெற்றோர் உதவியுடன் செய்யவும்’, ‘பெற்றோர் படிக்கவைத்து அனுப்பவும்’. விலாசம் பிள்ளைக்கு, வேலை தாய்க்கு. ப்ராஜெக்ட் என்று ஒன்று வந்துவிட்டால் அந்தத் திரையும் விலகிவிடும். சந்திரயான் மாதிரி செய்து வரச் சொன்ன நாளில், இரவு பத்தரைக்கு அன்னார் தூங்கிவிட்டார். நிட்டிங் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த காலி நூல்கோன் ராக்கெட் ஆயிற்று. கட்டிங் வேஸ்ட் பனியன் துணி தீ ஆயிற்று. பகலெல்லாம் கழுத்துப்பட்டி வைத்த கை, இரவில் தெர்மோகோலில் நிலவின் பள்ளங்களைக் குடைந்தது. மறுநாள் வகுப்பில் நின்ற சந்திரயான்கள் எல்லாமே வட்டாரத் தாய்மாரின் படைப்புகள். மூன்று நட்சத்திரம் கொடுக்கப்பட்டது பிள்ளைகளுக்கு. கணக்கில் இது எத்தனையாவது ஷிப்ட் என்று தாயாரைக் கேட்டதற்கு அவர் இவ்வாய்வாளரைப் பார்த்த பார்வை ஆய்வுக்கட்டுரையில் அச்சேறத் தக்கதல்ல.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் தமிழில் படிக்கிறார்கள். வீட்டில் அந்த எழுத்தைப் படிக்கும் பெரியவர் யாருமில்லை. அவர்களுக்குப் ‘பெற்றோர் உதவியுடன்’ என்ற வரிக்கு என்ன வழி? இதில் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டில் ஆளில்லை என்பது அரசுக்குத் தெரியாததல்ல. கொரோனாவுக்குப்பின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் தெருவிலேயே தன்னார்வலரை உட்காரவைத்தது. கவனிக்க வேண்டியது நேரம். அந்த ஐந்து டு ஏழுதான் கண்டுபிடிப்பு. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே ஐந்து டு ஏழை ட்யூஷன் அக்காக்கள் மாதச் சம்பளத்துக்கு நிரப்புகிறார்கள். அப்படி நிரப்பினால் அரை ஷிப்ட் குறையுமா என்றால், குறையாது. ட்யூஷனிலும் வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள்.

இருக்கிற கொஞ்ச நேரத்தில் நிர்வாகம் கையாளும் ஆயுதங்கள் மூன்று. அதட்டல்: 2009ஆம் ஆண்டு இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது, அது பள்ளிக்கூடத்துக்குத்தான் பொருந்தும், தன் அகப்பைக்குப் பொருந்தாது என்பது அப்பத்தாவின் சட்ட வியாக்கியானம். கதவடைப்பு: செல்போன் சார்ஜரை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தல். போனஸ்: ஒரு மணி நேரம் எழுதினால் ஐந்து நிமிடம் செல்போன். இந்த மூன்றாவதைப் பேசி முடித்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 60க்கு 5 என்பது சரியாக 8.33 சதவீதம். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் சொன்ன குறைந்தபட்ச அளவு. தீபாவளிக்கு முன் கம்பெனி கம்பெனியாக நடக்கும் பேச்சுவார்த்தையை அன்னார் எங்கே கேட்டாரோ, அவரும் சட்டத்தின் உச்சவரம்பான 20 சதவீதத்தைக் கேட்கிறார்: 12 நிமிடம்.

சமரசம்

பேச்சுவார்த்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சமரச அலுவலராக அமுச்சி வந்திருந்தார். நோம்பிக்கு ஒறம்பரை வந்தவரைப் பிடித்து உட்காரவைத்தோம். தாயாரின் தாயார் என்பதால் நடுநிலை பற்றி நிர்வாகத்துக்கு ஐயம் இருந்தது. அந்த ஐயம் முதல் நிமிடத்திலேயே உறுதியானது.

‘ஏஞ்சாமி, உனக்கு என்ன வேணும்? அமுச்சிகிட்டச் சொல்லு.’

‘பள்ளிக்கோடத்துல எழுதுனத மறுக்கா ஊட்ல எழுத முடியாதுங் அமுச்சி.’

‘ஏனுங் மாப்ள, எழுதுனதயே எதுக்கு மறுக்கா எழுதோணும்?’

இவ்வாய்வாளர் பழக்கம், ஒழுங்கு, எதிர்காலம் என்று விளக்கினார். இதே மூன்று சொல்லையும் இதே வரிசையில்தான் கம்பெனியில் அரை ஷிப்ட் கேட்கும்போதும் சொல்வது வழக்கம். தாயார் குறுக்கிட்டார்: ‘ஏனுங்க, அந்தப் பேச்சை இங்க பேசாதீங்க. அது எங்களுக்கே போதும்.’ நிர்வாகத் தரப்பு அத்துடன் பிளவுபட்டது.

பழைய தொழில் தகராறு சட்டத்தில் சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தைப் பிரிவு எண்ணைக் கொண்டு ‘12(3)’ என்பார்கள். புதிய தொகுப்புகள் வந்தபிறகும் சங்கத்துக்காரர் வாயில் அந்த எண்தான் வருகிறது. எங்கள் 12(3)இன் சரத்துகள் பின்வருமாறு. வேன் இறங்கியதும் ஒரு மணி நேரம் விளையாட்டு. அதில் யாரும் தலையிடக் கூடாது. எழுத்து அரை மணி நேரம், கூப்பர் அளவு. மணி அடித்தால் பாதிச் சொல்லிலும் பென்சிலை வைத்துவிடலாம். மீதி இருந்தால் டைரியில் ‘நேரம் முடிந்தது’ என்று தாயார் எழுதிக் கையெழுத்திடுவார். மிஸ் கேட்டால் தாயார் பேசுவார், அன்னார் அல்ல. ப்ராஜெக்ட் எதுவானாலும் அன்னாரே செய்வார், கோணலாக இருந்தாலும் அப்படியே போகும். ஷார்ப்னர் பொதுச் சொத்து. செல்போன் விகிதம் எட்டு நிமிடம். ஞாயிறு முழு விடுமுறை, இரட்டைச் சம்பளம் கொடுத்தாலும் வேலை இல்லை.

நிர்வாகம் எழுதும் மினிட்ஸில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று அன்னார் தாமே எழுத முன்வந்தார். தமிழ் இரட்டைக்கோடு நோட்டில், ஒன்றே முக்கால் பக்கம். பென்சில் ஒரு தடவையும் உடையவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. ‘விடுமுறை’யில் றகரம் சரியாக விழுந்திருந்தது. அமுச்சி கைநாட்டு வைத்தார், மற்றவர்கள் கையெழுத்திட்டோம்.

திங்கட்கிழமை மாலை நோட்டு வீடு திரும்பியது. ஒப்பந்தத்தின் இரண்டு பக்கத்திலும் சிவப்பு மையில் டிக், கீழே தேதி, சுருக்கொப்பம், இரண்டாம் பக்கத்தில் கூடுதலாக ‘வெரி குட்’. ஒரு வகுப்புக்கு நாற்பது நோட்டு, ஒரு நோட்டுக்கு எத்தனை முந்திரி நேரம் கிடைக்கும் என்பது செக்கிங் செக்‌ஷனில் நின்றவர்களுக்குத் தெரியும்; மிஸ்ஸின் ஷிப்டும் ஒன்றரைதான், அந்த நோட்டுக் கட்டை அவரும் வீட்டுக்குத்தான் எடுத்துப்போகிறார். அவர்மேல் இவ்வாய்வுக்குப் புகார் இல்லை. ஆனால் சட்டத்தின் பார்வையில் மூன்றாம் தரப்பும் ஒப்பமிட்டுவிட்டது என்று அன்னார் வாதிடுகிறார். மறுக்க நிர்வாகத்திடம் வாதம் இல்லை.

இதில் ஒரு சிக்கலை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. 12(3) ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. அந்தப் பழைய சட்டத்தின் 18(3)இன்படி அன்றைக்கு வேலையில் இருப்பவர் எல்லாருக்கும், இனிமேல் அந்த நிறுவனத்தில் சேரப்போகிறவர்களுக்கும் அது பொருந்தும். ஷார்ப்னரைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை நேரமும் பேசாமல் உட்கார்ந்திருந்த தங்கை அடுத்த ஜூனில் எல்.கே.ஜி. சேருகிறார். நேற்று இரவு தாயாரிடம் போய், தனக்கும் எட்டு நிமிடம் இப்போதே முன்பணமாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.